கலியபெருமாள் உஷாராகப் போன் வாங்கினார்

“அட்வான்ஸ் எதுவும் வேண்டாம், போனை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும்” என்று விற்பவரிடமிருந்து பதில் வந்திருந்தது. கலியபெருமாள் அதை இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்.

“என்னா அரிகிருஷ்ணன், ஆளு இவ்ளோ நல்லவனா இருக்கான்?”

முத்தியால்பேட்டை பிரவுசிங் சென்டரில் பக்கத்துத் தடுப்பிலிருந்து அரிகிருஷ்ணன் தலையை நீட்டினார். பத்து நாள் பழக்கம். கலியபெருமாள் மவுஸை மேசை முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தானாக வந்து உதவியவர். இந்தப் போன் விளம்பரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

“கேட்டதும் ஒத்துக்கிறான்னா நாமதான் சார் உஷாரா இருக்கணும்.”

உஷாராக இருக்கக் காரணம் இருந்தது. மகள் நிர்மலாதேவிக்குச் சென்னையில் வேலை. திங்கட்கிழமை ஹாஸ்டலில் சேர வேண்டும். “போன் இல்லாம பொண்ண அனுப்ப மாட்டேன்” என்று மனைவி அமுதவல்லி, தன் சீட்டுப் பணம் ஆறாயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் அலுவலகத்தில் தெய்வசிகாமணி இன்டர்நெட்டில் வாங்கிய போன் பெட்டியில் துணி சோப்புதான் இருந்தது. அதுவும் மட்டமான சோப்பு, நுரையே வரவில்லை என்பது அவருடைய தனி வருத்தம்.

“பில்லு கேளுங்க சார்” என்றார் அரிகிருஷ்ணன்.

கேட்டார். மறுநாளே பில் நகல் வந்தது. கூடவே, “உங்கள் அடையாள அட்டையை அனுப்புங்கள். நாங்களும் ஏமாறக்கூடாது அல்லவா?” என்று ஒரு வரி.

கலியபெருமாள் ரேஷன் கார்டை ஸ்கேன் செய்து அனுப்பினார். வீட்டில் பூகம்பம்.

“எவன்னே தெரியாதவனுக்கு ரேஷன் கார்டை அனுப்புனீங்களா? இந்த மாச மண்ணெண்ணெய அவன் வாங்கிட்டுப் போனான்னா?”

மண்ணெண்ணெய் போகவில்லை, மானம்தான் போனது. “கார்டில் உள்ள படத்தைப் பார்த்தோம். நம்பிக்கை வரவில்லை. கள்ளநோட்டு கொண்டுவர மாட்டீர்களே?” என்று மறுநாள் பதில் வந்தது.

“என்னியப் பாத்தா கள்ளநோட்டுக்காரன் மாதிரியா இருக்கு?”

அரிகிருஷ்ணன் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “போட்டோ எடுத்தவன் தப்பு சார். விடுங்க. எங்க பாக்கறதுன்னு முடிவு பண்ணுவோம்.”

“போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல?”

“பயந்துக்கிட்டு வரவே மாட்டான்.”

“பஸ் ஸ்டாண்டு?”

“பிடுங்கிட்டு எதுனா பஸ்ல ஏறிட்டான்னா?”

“கோரிமேடு பார்டர்ல?”

“நல்லாச் சொன்னீங்க. நாலு எட்டு வச்சான்னா தமிழ்நாடு. நம்ம போலீஸு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டிக்கிட்டிருக்கும்.”

கடைசியில் முதலியார்பேட்டையில் ஒரு டீக்கடை, ஞாயிறு காலை பத்து மணி என்று முடிவானது.

சனிக்கிழமை இரவெல்லாம் கலியபெருமாள் புரண்டு படுத்தார். காலையில் டீக்கடை வாசலில் இறங்கியதிலிருந்து பணம் இருந்த சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பையத் தொட்டுப் பாக்கறதப் பாத்தாலே அவன் ஏமாத்திடுவான்” என்றார் அரிகிருஷ்ணன். “நான் போயி வாங்கியாறேன். நீங்க கடைக்குள்ள உக்காந்து கவனிங்க. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா சத்தம் போடுங்க.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று கலியபெருமாளுக்குக் கண் கலங்கியது. ஆறாயிரத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் போன் பெட்டியோடு நின்றான். அரிகிருஷ்ணன் சாலையைக் கடந்து அவனிடம் போனார். கலியபெருமாள் செய்தித்தாளை விரித்துப் பிடித்து, அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்த்தார். பக்கத்து பெஞ்சில் தொப்பி போட்ட ஒரு பெரியவரும் அதேபோலத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

“உலகமே கெட்டுப்போச்சி பாய்” என்றார் கலியபெருமாள், பதற்றம் தாங்காமல்.

“அதச் சொல்லுங்க. பாரிசுல இருக்கிற மச்சான் புது போனு அனுப்பிச்சாரு. ரெண்டு எதுக்குன்னு, கையில இருந்த பழசை விக்கலாம்னு பாத்தா, வாங்க வர்றவன் கள்ளநோட்டுப் பேர்வழியாம். ரேஷன் கார்டுல மூஞ்சியப் பாத்தேன், அப்படியே குலைநடுங்கிடுச்சி.”

கலியபெருமாளின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அந்த முகத்தைப் பார்த்த பெரியவரின் பேப்பரும் இறங்கியது.

“நீங்கதான் அந்த கள்ளநோட்டா?”

“நீங்கதான் அந்த ஃபிராடா?”

ஒரு நிமிடம் முறைத்தார்கள். பிறகு கலியபெருமாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பெரியவர் குத்புதீன், அதே தெருவில் வளையல் கடை வைத்திருப்பவர். ஹாஸ்டல் கதையைக் கேட்டதும், “பொண்ணுக்கா வாங்குறீங்க? முன்னாடியே சொல்லியிருந்தா ஐநூறு குறைச்சிருப்பேனே” என்று உருகினார். கலியபெருமாள் இரண்டு டீ சொன்னார்.

“அப்ப அங்க நிக்கிற நீலச் சட்டை?”

“அன்பழகன்னு, பிரவுசிங் சென்டர்ல பழக்கம். நெட்டுல விளம்பரம் போட்டுக் குடுத்ததே அவர்தான். உங்களுக்கு விவரம் பத்தாது பாய், நானே போயி குடுத்துட்டு வர்றேன்னாரு. தங்கமான மனுசன்.”

“எனக்கும் அதே மாதிரி ஒரு தங்கம் கெடச்சாரு பாய். கூப்புடுங்க, நாலு பேருமா சேந்து டீ குடிப்போம்.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

“அங்க நின்ன ரெண்டு பேரும் எங்கம்மா?” என்று கலியபெருமாள் பதறினார்.

டீக்கடைக்காரி தனக்கொடி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“ஒரே வண்டியில ஏறிப் பூட்டாங்களே சார். போன ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். அன்னிக்கும் இதே பெஞ்சில ரெண்டு பேரு பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தாங்க.”