ஆக்‌ஷன் அண்ணன் பரீட்சை எழுதிய கதை

சேலம் ஜில்லாவில் இங்கிலீஷை வாயால் பேசியவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். கை, கால், இடுப்பு, புருவம் எல்லாவற்றாலும் பேசியவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் பியூன், ஆக்‌ஷன் அண்ணன். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எண்பதுகளின் நடுவில் நாமக்கல்லில் ஒரு கூட்டுறவு ஆபீஸில் நான் எழுத்தராகச் சேர்ந்தேன். அண்ணன் அங்கே பத்தொன்பது வருஷமாகப் பியூன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் பாக்கி. அதைத் தேறிவிட்டால் அவரும் எழுத்தர் ஆகலாம். ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் கோட்டை விட்டிருந்தார். ஏழாவதுதான் கடைசி, அதற்கப்புறம் வயது வரம்பு தாண்டிவிடும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அண்ணனை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்தது ஃப்ரேசல் வெர்ப். சின்ன வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட் என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். வாலை மாற்றினால் மாடே வேறு மாடாகிவிடும்.

"'லுக்'னா பாக்கறதுங்க. 'ஆஃப்டர்'னா அப்பறம். 'அப்பறமாப் பாத்துக்கலாம்'னு எழுதுனேன் சாமி. சைபர் போட்டுட்டாங்க!"

'லுக் ஆஃப்டர்' என்று சேர்ந்தால் கவனித்துக்கொள்வது என்று அர்த்தம் என்றேன். "அது எங்கீங்க அதுக்குள்ள இருக்குது?" என்று கேட்டார்.

பதில் டிவியில் கிடைத்தது. பக்கத்துத் தெரு லாரி ஓனர் வீட்டில் புதுசாக டிவி வாங்கியிருந்தார்கள். வாரம் ஒரு நாள் அதில் இங்கிலீஷ் காமெடித் தொடர் வரும். டிவி பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் எழுந்து வீட்டுக்குப் போகும் நேரம் அது. அண்ணன் மட்டும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் படம் ஆடினால் அவர் மொட்டை மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும், பதிலுக்கு அந்த அரை மணி நேரம் டிவியை அணைக்கக் கூடாது என்று வீட்டம்மாவோடு ஒப்பந்தம்.

"ஏனுங்ண்ணா, அவங்க பேசறது உங்களுக்கு வெளங்குதுங்களா?" என்று அந்த அம்மா ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"ஒன்னுமே வெளங்கலீங்க அம்மிணி. ஆனா சோபாவுக்கு அடியில தலைய உட்டுக்கிட்டு 'லுக் ஃபார்'ங்கறான் பாருங்க. என்னமோ தேடறான்னு தெரியுதில்லீங்க?"

பெட்டிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டால் அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். "அத்தன பேரு சிரிக்கறாங்க. நாம உம்முன்னு இருந்தா மரியாதைங்களா?"

இப்படிச் சொல்லையும் செய்கையையும் சேர்த்தே மனப்பாடம் செய்ததில், ஒன்றில்லாமல் மற்றது வராமல் போய்விட்டது. ஃபைல் தேடச் சொன்னால் முதலில் மேனேஜர் மேஜைக்கடியில் தலையை விடுவார். ஒரு நாள் ஆபீஸ் வேலையாகச் சேலம் போனபோது, செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் டவுன் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. 'கெட் ஆஃப்' என்று இறங்கினார், 'கெட் ஆன்' என்று ஏறினார், மறுபடி இறங்கினார். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டுக் கத்தினார்.

"யோவ், ஏறுறியா, எறங்குறியா?"

"ரெண்டையும் படிக்கறனுங்க."

அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். தெரியாத ஆள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பரீட்சையன்று என் சைக்கிளில்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடத்து மதில் தாழ்வானது. வெளியே நின்ற எனக்கு ஹால் ஜன்னல் நேராகத் தெரிந்தது, பேச்சும் கேட்டது. மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவே நரைத்த மீசையோடு அண்ணன். முக்கால் மணி நேரம் அடக்கமாக எழுதினார். பிறகு ஃப்ரேசல் வெர்ப் வந்துவிட்டது போல. கை எழும்பியது, தோள் குலுங்கியது, புருவம் ஏறி இறங்கியது. மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் பாய்ந்துவந்து விடைத்தாளைப் பிடுங்கினார்.

"யாருக்குய்யா சைகை காட்டறே?"

"யாருக்குமில்லீங்க சார். செஞ்சு பாத்தாத்தானுங்க எனக்கு அர்த்தம் வரும்."

"காப்பியடிக்கறதுக்கு இப்படி ஒரு கதையா? வெளிய போய்யா!"

அண்ணன் இனி ஆயுசுக்கும் பியூன்தான் என்று நினைத்தேன். அவரோ நகரவில்லை.

"கேள்வித்தாள்ல இல்லாத வார்த்தையாக் கேளுங்க சார், செஞ்சு காட்டறேன். தப்பாப் போச்சுன்னா நானே போயிக்கறனுங்க."

"'புட் அப் வித்'!" என்றார் வாத்தியார் எரிச்சலோடு.

பொறுத்துக்கொள்வது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இல்லாத ஒரு மாமியார் ஓயாமல் பேச, இவர் பல்லைக் கடித்தார், விட்டத்தைப் பார்த்தார், கடைசியில் தலையாட்டிச் சிரித்தும் வைத்தார். ஹாலே சிரித்தது. வாத்தியாருக்கும் உதடு துடித்தது. அதை மறைக்கச் சட்டென்று அடுத்ததைக் கேட்டார்.

"'கிவ் அப்'?"

கைவிட்டுவிடுவது. தொடரில் வாரந்தோறும் ஒருவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோபாவில் தொப்பென்று விழுவான். ஆபீஸில் அண்ணன் இதை நூறு தடவை செய்து காட்டியிருக்கிறார். இப்போது அசையாமல் நின்றார்.

"என்னய்யா, தெரியாதா?"

"நல்லாத் தெரியுங்க சார். இங்க மட்டும் அதச் செய்ய மாட்டனுங்க."

வாத்தியார் விடைத்தாளை நீட்டினார்.

"கடைசி பெஞ்சுல போய், செவுத்தப் பாத்து உக்காந்து எழுதுங்க."

முப்பத்தெட்டு மார்க். தேறிவிட்டார்.

எழுத்தராக முதல் நாள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை. மேனேஜர் அறையில் மணி அடித்தது. பழக்கதோஷத்தில் அண்ணன் பாதி எழுந்துவிட்டார். தோளைத் தொட்டு உட்காரவைத்தேன்.

"நீங்க இருங்கண்ணா."

மேனேஜருக்கு என்ன வேண்டும் என்று கேட்க நானே போனேன். அந்த அறைக்குள் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் போனதில்லை.