மனேஜரும் நாலு அமெரிக்கப் பிள்ளைகளும்

பூமியின் தென்பாதியில் அவரைப் போலக் கோபப்படத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. சிட்னியின் செவன் ஹில்ஸில் நாங்கள் வேலை பார்த்த கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஆனால் எல்லோரும் ‘மனேஜர்’ என்றுதான் கூப்பிடுவோம். அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து கிளம்பிய ‘வெட் லேடர்ஸ்’ என்ற ராக் குழுவின் நிர்வாகம் முழுவதும் தன் தலையில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவுக்குத்தான் அது தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து, பத்து வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அமெரிக்கப் பிள்ளைகளின் கிட்டாரில் என்ன வேலை? ஒரு சாப்பாட்டு இடைவேளையில் தன் போனில் போட்டுக் காட்டினார்.

“அண்ணே, இது பாட்டா, சண்டையா?”

“சண்டைதான் தம்பி. ஆனா நியாயமான சண்டை.”

இரண்டாவது ஆல்பத்தில் வந்தது வினை. பாட்டு வழவழப்பாக இருந்தால்தான் விற்கும் என்று இசைக் கம்பெனி சொல்ல, ட்ரம்ஸ் வாசித்த பெண்ணைக் கழற்றிவிட்டு ஒரு மிஷினை வைத்துக்கொண்டார்கள். மனேஜர் அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை.

“அந்தப் பிள்ளை என்ன பிழை விட்டவள்? ஒரு காரணம் சொன்னவங்களா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார், நான்தான் உத்தரவில் கையெழுத்துப் போட்டது போல. ஹரிஸ் பார்க் இனிப்புக் கடையில், “செகண்ட் ஆல்பம் இஸ் பெட்டர், அங்கிள்” என்று சொன்ன பெண்ணிடம், கட்டி வைத்த ஜிலேபியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று வெளியேறினார். ஜிலேபி எனக்காக வாங்கியது.

பிறகு அவர்களே சிட்னிக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஓர் இசை விழா; மனேஜர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரிய குழு வருவதற்கு முன்னால் இவர்களுக்கு அரைமணி நேரம். பாதிக் கூட்டம் பியர் வாங்கப் போய்விட்டது, மீதிக் கூட்டம் அரட்டை.

“பிள்ளையள் பாடுகினம்! கதைக்காம நில்லுங்கோ!” என்று மனேஜர் தமிழிலேயே கத்தினார். இரண்டு காவலாட்கள் வந்து இருவரையும் வெளியே தள்ளினார்கள். நான் வாயே திறக்கவில்லை ஐயா! இன்று நினைத்தாலும் எரிகிறது.

பின்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு வந்தால், குழுவில் பாடிய பையன் ஸ்பீக்கர் பெட்டியைத் தானே வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“நோ பெண்ட்! முதுகு போயிடும்!” என்று மனேஜர் பாய்ந்தார். இருபது நிமிடத்தில் அந்த வேனைக் கிடங்கு மாதிரி அடுக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு கேட்டார்: “வேர் இஸ் த ட்ரம் கேர்ள்? வட் ரீசன்?”

பையன் தலையைக் குனிந்தான். அவள் தன் நெருங்கிய சிநேகிதி என்றும், அவளை விலக்கியபோது தான் பேசாமல் இருந்துவிட்டதாகவும் மெல்லச் சொன்னான்.

“கோல் ஹெர். டுடே,” என்று அவன் போனைக் காட்டினார் மனேஜர்.

திரும்பும் ரயிலில் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: “காரணம் சொல்லாம ஒரு ஆளை ‘நீ வேண்டாம்’ எண்டு சொல்லக்கூடாது தம்பி. எனக்கும் நிரந்தர விசா இல்லையெண்ட கடிதம் அப்பிடித்தான் வந்தது.”

மூன்றாவது ஆல்பத்தில் அந்தப் பெண் திரும்பி வந்திருந்தாள். “உங்களாலதான் அண்ணே!” என்று கிடங்கே கைதட்டியது.

“என்னால எண்டால் அடுத்த நாளே வந்திருப்பாள். எட்டு மாசம் எடுத்திருக்கிறாங்கள், சோம்பேறியள்!”

இப்போது அவர் மெல்பர்னில், கேரம் டவுன்ஸ் பக்கம். அந்தக் குழு புதுப் பாட்டு வெளியிட்டால் உடனே கேட்டுவிட்டு, “சுமார்தான் அண்ணே” என்று வேண்டுமென்றே போன் செய்வேன். அரைமணி நேரம் திட்டுவார். அந்தத் திட்டையும் கேட்டால்தான் எனக்குப் பாட்டு முழுமையாகிறது.