சிவப்புப் புள்ளி வைத்த மீட்டர்

முள் எழவில்லை.

அவன் மீட்டரைச் சமையலறை விளக்குக்கு நேராகப் பிடித்தான். பிறகு ஜன்னலுக்குக் கொண்டுபோனான். மாலை வெயில் நேராக அதன் முகத்தில் அடித்தது. முள், விடுமுறை நாளில் எழுப்பப்பட்ட ஆள் மாதிரி லேசாகப் புரண்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

சற்று முன்புவரை அது எழுந்துகொண்டுதான் இருந்தது. இவன்தான் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று திறந்தான்.

உள்ளங்கையில் அடங்குகிற பழைய வெளிச்ச மீட்டர் அது. பேட்டரி கிடையாது. முகத்தில் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி. அதன் பின்னால் இருக்கும் தகட்டில் வெளிச்சம் பட்டால் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியில் முள் நகரும். முள் காட்டும் எண்ணுக்கு வட்டத்தைத் திருப்பி வைத்தால், பிலிம் கேமராவின் கண்ணை எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடும். வட்டத்தின் ஓரத்தில், எட்டுக்குப் பக்கத்தில், நகப்பூச்சால் வைத்த ஒரு சிவப்புப் புள்ளி.

மாமனார் கொடுத்தது.

மாலை வகுப்பில் பிலிம் போட்டோ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குப் பகலில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. "ஒரு மீட்டர் பத்தலையாடா உனக்கு?" என்றார்கள். மாமனார் வீட்டில் சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்துவந்தார்.

"உங்க அத்தை முதல் சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்தது, மாப்பிள்ளை. அந்தப் புள்ளியும் அவ வச்சதுதான். நம்ம வீட்ல எல்லாரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோகூட இல்ல. நான் எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நின்னுட்டேன். ஞாயித்துக்கிழமை நீங்க எடுங்க. இதை வச்சே எடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "திறந்து மட்டும் பாக்காதீங்க" என்றார்.

வாசல்வரை வந்த மாமியாரும், "அதை நோண்டிடாதீங்க மாப்பிள்ளை. அவரு உயிரே அதுலதான் இருக்கு" என்றார்.

பஸ்ஸில் மனைவியும் கேட்டாள். "அதைத் திறக்க மாட்டீங்கதானே?"

அது எப்பேர்ப்பட்ட பொக்கிஷம் என்று அவனுக்கு அப்போது புரிந்தது. பெண்ணைக் கொடுத்ததற்கு அடுத்தபடியாக மாமனார் தன்னை நம்பிக் கொடுத்த பொருள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தான்.

வகுப்பில் ஆசிரியை தன் புது மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அது எட்டு என்ற இடத்தில் இது நாலு என்றது.

"வயசாச்சுல்ல, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லும். வித்தியாசத்தை மனசுல வச்சுக்கிட்டு எடுங்க, போதும்."

போதும் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? ஆனால் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தவருக்கு அதைவிட நல்ல நிலையில் திருப்பிக் கொடுப்பதுதான் நன்றி என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. சீல் வைத்த மீட்டரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்பதுதான் அவன் வேலையின் முதல் விதி. அந்த விதிக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினான். கழற்றிய வரிசையிலேயே ஒட்டுநாடாவில் ஒவ்வொன்றாக ஒட்டியும் வைத்தான். ஒழுங்குக்குக் குறைச்சலே இல்லை.

தகட்டின் தொடுமுனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். அப்படியே வெளிப்பக்கத்தையும் ஒரு துடை துடைத்தான். பஞ்சு சிவப்பாகியிருந்தது.

சிவப்புப் புள்ளியைக் காணோம்.

முள் படுத்தது அதற்குப் பிறகுதான். பின்பக்கம் முள்ளைச் சரிசெய்கிற சின்னத் திருகாணி இருந்தது. அரைச் சுற்றுத் திருப்பினான். முள் ஒரே தாவாகத் தாவி வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒற்றை பல்பு எரியும் அந்தச் சமையலறை, மீட்டரின் கணக்குப்படி உச்சி வெயில் அடிக்கும் கடற்கரையாகிவிட்டது.

முள்ளை இழுத்துப் பிடிக்கும் தலைமுடி போன்ற சுருளில்தான் கோளாறு என்று முடிவுசெய்தான். மனைவி புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து சுருளைத் தொட்டான். சுருள் கழன்றது. இப்போது முள் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் ஓடியது. மீட்டர் வெளிச்சத்தை விட்டுவிட்டு மேசையின் சரிவை அளக்க ஆரம்பித்திருந்தது.

சுருளை எப்படியோ மாட்டினான். அந்தப் போராட்டத்தில் தகட்டின் கம்பி அறுந்தது. பற்றவைத்தால் சரியாகிவிடும். சூட்டுக்கோலை வைத்தான். பற்றியது. தகட்டுக்குச் சூடு ஆகாது என்பதை அதற்கப்புறம்தான் வகுப்பில் கொடுத்த தாளில் படித்தான்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மீட்டரைத் தூக்கி அரிசி டப்பாவில் போட்டு மூடினான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"அரிசி பாத்தேன்."

"அரிசியில பாக்க என்ன இருக்கு?"

"தீரப்போகுதான்னு."

அவள் மேசையைப் பார்த்தாள். ஒட்டுநாடாவில் வரிசையாகத் திருகாணிகள். அவள் முகம் வெளுத்தது. "அதைத் திறந்தீங்களா?"

"சும்மா, வெளிப்பக்கம் மட்டும்."

"வெளிப்பக்கத்துக்கு இத்தனை திருகாணியா?" அதற்குமேல் எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் வேலை முடிந்ததும், ஊரில் பழைய கேமராக்கள் விற்கிற, பிலிமும் கழுவிக் கொடுக்கிற ஒரே கடைக்கு ஓடினான். கடைக்காரர் தலை நிமிராமல் மீட்டரை வாங்கிப் பார்த்தார்.

"கீழ விழுந்துச்சா? தண்ணிக்குள்ள போச்சா?"

"இல்ல அண்ணே. திறந்து பாத்தேன்."

கடைக்காரர் நிமிர்ந்தார். "இந்தக் காரணம் புதுசு" என்றார்.

"சரி பண்ண முடியுமா?"

"இதை அடக்கம்தான் பண்ண முடியும். இதே மாடல் ஒண்ணு இருக்கு, தரட்டுமா? எங்க கிடைச்சாலும் இந்த மாடலை மட்டும் ஒண்ணு வாங்கிப் போட்டுடுவேன்."

"இந்தக் காலத்துல இதை யாரு அண்ணே வாங்குறாங்க?"

"வாங்குவாங்க."

அவர் இழுப்பறையிலிருந்து அச்சு அசலாக அதே மீட்டரை எடுத்தார். மூலைகளைச் சொரசொரப்பான துணியால் தேய்த்துப் பழசாக்கினார். பிறகு அதே இழுப்பறையிலிருந்து ஒரு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து, எட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

அவனுக்கு மலைப்பாக இருந்தது. "நான் சொல்லவே இல்லையே அண்ணே."

"எல்லாரும் அங்கதான் வைக்கச் சொல்லுவாங்க."

தொழில் அனுபவம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. "இந்த உதவியை மறக்கவே மாட்டேன் அண்ணே."

"படம் எடுத்தா கழுவ இங்கயே கொண்டுவாங்க. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் மீட்டரை வாங்கிச் சுவரை நோக்கிப் பிடித்தார். முள் சட்டென்று எழுந்து கம்பீரமாக நின்றது. திருப்பிப் புள்ளியைப் பார்த்தார். மறுபடியும் முள்ளைப் பார்த்தார்.

"நல்லா எழும்புதே" என்றார் மாமனார்.

"ஓரமா கொஞ்சம் தொடைச்சேன் மாமா."

மாமியார் எங்கிருந்தோ வேகமாக வந்தார். "தொடைச்சா அப்படித்தான் எழும்பும்."

"அதே மீட்டர்தான்" என்றார் மாமனார். யாரும் கேட்கவில்லை.

"பின்ன, வேற எங்க இருந்து வரும்?" என்றாள் மனைவி. "வெளிச்சம் போறதுக்குள்ள எடுங்க."

என்ன மனிதர்கள். சந்தேகப்பட ஆயிரம் காரணம் இருந்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர்களையா ஏமாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் உருகிப்போனான்.

பின்வாசல் சுவரோரம் மாமனாரும் மாமியாரும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மனைவி பின்னால் நின்றாள். "மீட்டரும் படத்துல இருக்கட்டும்" என்று மாமனார் அதைக் கையில் ஏந்திக்கொண்டார். அவன் கேமராவை ஸ்டூலில் வைத்து, தானாக எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து மனைவி பக்கத்தில் நின்றான். மாமியார் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, "உள்ள வாங்க மாப்பிள்ளை, வெட்டுப்பட்டுடப் போறீங்க" என்றார். அவன் கண்ணைத் துடைப்பதற்குள் கேமரா 'க்ளிக்' என்றது.

கிளம்பும்போது மாமனார் அவன் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி மாப்பிள்ளை" என்றார். மாமியார் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தனியாக நன்றி சொன்னார். பஸ்ஸில் மனைவியும் தோளில் சாய்ந்து, "தேங்க்ஸ்ங்க" என்றாள். மூன்று நன்றிகளும் அவன் நெஞ்சில் மூன்று மூட்டையாக உட்கார்ந்தன.

படம் வாங்கப் போன அன்று, கடைக்காரருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போனான்.

"உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும் அண்ணே. ஆனா என்னால முடியல. இந்தப் படத்தை எடுத்துக்கிட்டு நேரா மாமனார் வீட்டுக்குப் போறேன். நம்பிக் குடுத்ததை உடைச்சுட்டேன், இது வேற மீட்டர்னு சொல்லிடப் போறேன்."

கடைக்காரர் உறையிலிருந்து படத்தை எடுத்தார். வெளிச்சம் இம்மி பிசகாமல் விழுந்திருந்தது. மாமனாரின் உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவனைப் பார்த்தார்.

"தாராளமாப் போய்ச் சொல்லுங்க தம்பி, ஆனா இதுல இருக்கிற நாலு பேருமே வீட்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஆளுக்கொரு தடவை எங்கிட்ட வந்து இதே மீட்டரை வாங்கிட்டுப் போனவங்கதான்."