தலை நுழையாத கவுன்

நீங்கள் பின்னாத கவுனைப் பின்னியதாகச் சொல்லி, அதைப் பின்னும் முறையை விற்றீர்கள், அம்மணி. யூடியூபில் குரோஷா பின்னல் சொல்லித் தருகிற உங்களைத்தான் சொல்கிறேன். சேனல் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வீர்கள்.

என் தம்பி குமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டுமாவடியில் அவன் வீட்டில் தொட்டில் போடும் விசேஷம். அதுவரை பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணிதான். முதல் புதுச்சட்டையை அத்தை போட வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். நான்தான் ஒரே அத்தை. ஆனால் தம்பி பெண்டாட்டி செல்வி என்னோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அவர்கள் கல்யாணப் பந்தியில், "பொண்ணு வீட்டுச் சாம்பாரா இது, மாடு குடிக்குமா?" என்று நான் கேட்டது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. (மைக்கை அணைக்காமல் போனவனை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

குமார் போனில் கெஞ்சினான். "அக்கா, இதை விட்டா அவ மனசு எறங்காது. அறந்தாங்கியில நல்லதா ஒரு சட்டை எடு. வந்து போட்டுவிடு. வாயத் தொறக்காத."

புத்தி உள்ளவள் கடையில் எடுத்திருப்பாள். நானோ திருமயத்தில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கையால் பின்னிக் கொண்டுபோனால் செல்வி உருகிவிடுவாள் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் நான் பின்னியிருந்தது டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை. (உள்ளே போன ரிமோட் வெளியே வராது.)

நல்ல பேட்டர்னை, அதாவது பின்னல் குறிப்பை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்றைக்குக் கேளுங்கள், சொல்கிறேன். எந்த நூல், எந்த நம்பர் ஊசி, எத்தனை மாதப் பிள்ளைக்கு என்று எழுதியிருக்க வேண்டும். முதலில் சின்னத் துண்டு பின்னி அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வேறு யாராவது பின்னித் தன் பிள்ளைக்குப் போட்டுவிட்ட படம் இருக்க வேண்டும். அன்றைக்கு நான் பார்த்தது ஒன்றைத்தான். படத்தில் இருந்த குழந்தை சிரித்தது. உடனே உங்கள் பேட்டர்னை வாங்கிவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பிடிஎஃபில் அளவே இல்லை. "எந்த நூலும் எந்த ஊசியும் போதும் சகோதரிகளே, அளவைவிட அன்பு முக்கியம்" என்று இருந்தது. அன்பு காட்டினால் பிள்ளையின் தலை சுருங்குமா அம்மணி? எந்தப் பிள்ளையின் தலை சுருங்கியது?

வீட்டில் இருந்த தடித்த உல்லன் நூலை எடுத்து, கண்ணியை இறுக்கி இறுக்கிப் போட்டேன். வரிசைக்கு வரிசை கண்ணியைக் கூட்டச் சொன்னீர்கள், கூட்டினேன். பாவாடைப் பகுதி பந்தல் மாதிரி விரிந்தது. படத்தில் முதுகுப் பக்கம் பட்டன் இருந்தது. பிடிஎஃபில் திறப்பு விடுவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் மூடிய முதுகின் மேலேயே பட்டன்களை வரிசையாகத் தைத்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். படத்தில் இருந்தது.) அளவு பார்க்க வீட்டில் சின்னப் பிள்ளை இல்லை. ஒரு சொம்பில் மாட்டிப் பார்த்தேன். சொம்புக்கு அழகாக இருந்தது.

விசேஷ நாளில் கவுனை விரித்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. பிள்ளையை மடியில் வைத்துத் தலையில் மாட்டினேன். நெற்றியில் நின்றுவிட்டது. லேசாக இழுத்தேன். பிள்ளை அலறியது.

செல்வியின் அம்மா பாய்ந்து வந்து கவுனை உருவி எறிந்தார். "ஏத்தா மல்லிகா, மைக்குல எங்க மானத்த வாங்குனது பத்தலையா? பிள்ள கழுத்த நெரிக்கச் சட்டை கொண்டாந்தியா?"

"கொஞ்சம் இழுத்தா போயிரும்."

"எங்க, ஒன் தலைய விடு பாப்போம்."

குமார் விட்டத்தைப் பார்த்தான். அப்போதுதான் செல்வி பேசினாள். "மதினி, பின்னாடி பட்டனைக் கழட்டிப் போடுங்க."

"கழட்ட முடியாது. அது சும்மா தச்சது."

"சும்மாவா?"

"படத்துல இருந்துச்சு."

"எந்தப் படத்துல?"

போனைக் காட்டினேன். செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்த வரிசை தோள்ல ஆரம்பிச்சு எங்கிட்டுப் போகுது மதினி? பாதியில காணாமப் போகுது. இங்க பாருங்க, நூலு பிள்ளை கன்னத்துக்குள்ள போகுது. இத யாரும் பின்னல. கம்ப்யூட்டர் போட்ட படம்."

மீன்வலையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் தூரத்திலிருந்தே சொல்கிற வீட்டில் பிறந்தவள் நான். கன்னத்துக்குள் போன நூல் என் கண்ணில் படவில்லை.

செல்வி அம்மாவிடம் திரும்பினாள். "வேணும்னு பண்ணலம்மா. இம்புட்டு மோசமா வேணும்னு யாராலயும் பின்ன முடியாது."

பிள்ளையின் தாய்மாமன் கடையில் எடுத்துவந்ததுதான் முதல் சட்டை ஆனது. அத்தை உரிமை அத்தோடு போனது. மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். செல்வி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "சட்டைதான் போட முடியல, பிள்ளையவாவது வச்சிருங்க. சாம்பாரு எப்படின்னு மட்டும் சொல்லிராதீங்க."

அன்று சாயங்காலம் மழை. கொல்லையில் நடுங்கிய ஆட்டுக்குட்டிக்கு யாரோ அந்தக் கவுனை மாட்டிவிட்டார்கள். சன்னக் கழுத்து, அகன்ற வயிறு, முதுகில் பட்டன் வரிசை. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அந்தப் போட்டோ குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. தம்பி மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். தீபாவளிக்கு நான் துணி எடுத்துக்கொண்டு போனால், பையைப் பிரிக்கும் முன்பே செல்வி கேட்கிறாள்: "மதினி, இது புள்ளைக்கா, குட்டிக்கா?"

உங்கள் வீடியோவுக்குக் கீழே கேள்வி கேட்டேன், அம்மணி. அழித்துவிட்டீர்கள். பிறகு தனியாக, "அடுத்த பேட்டர்ன் உங்களுக்கு இலவசம் சகோதரி" என்று அனுப்பினீர்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கும் கவுனைப் பின்னிய கை யாருடையது? உங்களுடையது என்றால் கேமரா முன்னால் உட்கார்ந்து முதல் கண்ணியிலிருந்து பின்னிக் காட்டுங்கள். இல்லையென்றால் இல்லை என்று உங்கள் சேனலிலேயே, வாங்கி ஏமாந்த எல்லாரும் பார்க்கும்படி சொல்லுங்கள்.