சீல் வைத்த இன்ஹேலர்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, மூன்றாவது மாடி வீட்டு அலமாரியில் இருந்த நீல இன்ஹேலரின் முதுகில், இன்னும் எத்தனை அழுத்தல் மிச்சம் என்று காட்டும் இடத்தில், 142 என்ற எண் தெரிந்தது. திங்கட்கிழமை காலை அதே நேரத்தில் அது 148.

இடையில் மீட்டர்காரர் அதை அழுத்தியது இரண்டே முறை.

மீட்டர்காரர் என்பது ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்ட பெயர். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்த்தவர். கரண்ட் திருடுகிற வீட்டை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். அந்த முப்பத்தொரு வருஷமும் வாயில் சிகரெட் புகைந்ததில் காற்றுக்குழாய்கள் சுருங்கிவிட்டன. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே சிகரெட்டை விட்டார். தினமும் காலையில் இழுக்க ஒரு மருந்து. நீல இன்ஹேலர் மூச்சு முட்டும்போது மட்டும்.

"நீலம் வேகமா தீர்ந்தா நோய் முத்துதுன்னு அர்த்தம். வரும்போதெல்லாம் அந்த நம்பரைக் காட்டுங்க" என்றிருந்தார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். மகள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "நீல மருந்து எடுக்கறது ஏறிச்சுன்னா, ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக் கீழ் ரூமுக்கு வந்துரணும். மூணு மாடி இனிமே கிடையாது."

அந்தக் கீழ் ரூம் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். இங்கே ஜன்னலைத் திறந்தால் ஊரே காலடியில் கிடக்கும். இருபத்தாறு வருஷம் அனுபவித்த காற்று.

படி ஏறுவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டர் பலகை இருந்தது. அங்கே நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லா வீட்டு எண்ணையும் படிப்பார். மூச்சு வாங்க நிற்கிறார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. மனைவி ரொட்டியம்மாவும் அவசரப்படுத்தியதில்லை. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "நிதானமா பாருங்க. ஒரு நம்பரையும் விட்டுடாதீங்க" என்பார்.

ரொட்டியம்மா இருபத்திரண்டு வருஷம் ஒரு ரொட்டிக்கடையில் விறகு அடுப்புக்கு முன்னால் நின்றவர். ஆஸ்பத்திரி நர்ஸ் மீட்டர்காரருக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை ரொட்டியம்மாதான் படியில் விடாமல் செய்து காட்டுவார். "மூக்கால இழுங்க. உதட்டைக் குவிச்சு, மெழுகுவத்தி அணையாம ஆடற மாதிரி மெதுவா ஊதுங்க. இதோ, இப்படி."

"போதும், நாலு பேர் பாக்கறாங்க" என்பார் மீட்டர்காரர். அவருக்கு அது கூச்சம்.

செவ்வாய்க்கிழமை அவர் முதலில் மருந்துக்கடைக்குப் போனார்.

"தம்பி, இந்த மீட்டர் ஓவரா ஓடுது."

"அதெல்லாம் தானா ஓடாதுங்க ஐயா. அழுத்தினா ஒண்ணு குறையும், அவ்வளவுதான்."

"செஞ்சு காட்டுங்க."

கடைக்காரர் காற்றில் ஐந்து முறை அழுத்தினார். சரியாக ஐந்து குறைந்தது. நம்பிக்கை வராமல் மீட்டர்காரர் தானும் மூன்று முறை அழுத்திப் பார்த்தார். 134.

"கடைக்கு இப்ப மூச்சு நல்லா வருது" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

மீட்டரில் பிழை இல்லை என்றால் அவர் அகராதியில் மிச்சம் இருப்பது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, கணக்கில் வராத நாலுக்கு எதிரே 'திருட்டு' என்று எழுதினார்.

"இந்த வீட்டுல திருட்டு நடக்குது" என்றார்.

ரொட்டியம்மா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னத்தை?"

"என் மூச்சை."

"ரெண்டு அழுத்தினோமா ஆறு அழுத்தினோமான்னு மறந்திருப்பீங்க."

"நம்பர் விஷயத்துல என்னையா சொல்றே?"

ரொட்டியம்மா அதே தட்டை மறுபடி துடைத்தார்.

புதன்கிழமை காலை இன்னும் மூன்று கணக்கில் வரவில்லை. இன்ஹேலரைப் பழைய ஆபீஸ் பையில் போட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனார். திரும்பி வரும்போது மீட்டர் பலகைகள் போதவில்லை. இரண்டாம் மாடியில் ஒரே எண்ணை நாலு தடவை படித்தார். கதவைத் திறந்தால் வீடு தலைகீழாகக் கிடந்தது. அலமாரித் துணியெல்லாம் தரையில்.

"என்ன இது?"

"சுத்தம் பண்றேன்" என்றார் ரொட்டியம்மா. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பை கட்டிலுக்கு மேலே இருந்தது.

வியாழக்கிழமை காலை எண் 125. செவ்வாயிலிருந்து அவர் எடுத்தது மூன்று. மறுபடியும் மூன்று கணக்கில் இல்லை.

மீட்டர்காரர் ஆபீஸ் பையிலிருந்து, மீட்டருக்கு சீல் வைக்கிற கம்பியையும் ஈயக் குண்டையும் குறடையும் எடுத்தார். இன்ஹேலரின் மூடியோடு சேர்த்துக் கம்பியைச் சுற்றி, முறுக்கி, குண்டை நசுக்கி சீல் வைத்தார். "இனி எவன் திறக்கறான்னு பாக்கறேன்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். குறடு மேஜையிலேயே இருந்தது.

அது அவருக்கு நினைவுக்கு வந்தது திரும்பி வரும் வழியில், இரண்டாம் மாடித் திருப்பத்தில். மூச்சு உள்ளே போனது. வெளியே வர மறுத்தது. சீலை நகத்தால் கிழித்தார், பல்லால் கடித்தார். அரசாங்க சீல். அசையவில்லை.

ரொட்டியம்மா பக்கத்துத் தையல்காரர் கதவைத் தட்டினார். தையல்காரர் கத்திரியோடு வந்தார்.

"துணி வெட்டற கத்திரிங்க அக்கா, கம்பியை வெட்டினா மழுங்கிடும்."

"இங்க மனுஷன் போறாரு, நீ கத்திரிக்கு அழறியா? வெட்டுய்யா."

கம்பி அறுந்தது. இரண்டு அழுத்தல். பத்து நிமிஷத்தில் மீட்டர்காரரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. பயத்தில் ரொட்டியம்மாவுக்கும் மூச்சு வாங்கியது. படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே சீல் கீல்னு எதையாவது எடுத்தீங்க, நானே உங்களை மக கிட்ட ஒப்படைச்சிடுவேன். கொடுங்க அதை. நான் வச்சிருக்கேன்."

வாங்கிக்கொண்டு, முன்னால் மாடி ஏறி வீட்டுக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எண் 119.

ஆஸ்பத்திரியும் மாடியில்தான் இருந்தது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். மீட்டர்காரர் நோட்டை நீட்டினார்.

"நாலு நாள்ல நான் எடுத்தது ஏழு. கடையில சோதனைக்குப் போனது எட்டு. பாக்கி பதினாலுக்கு நான் பொறுப்பில்ல டாக்டர். அது திருட்டு."

"இதை யாருங்க திருடுவாங்க? நீங்கதான் மறந்து எடுத்திருப்பீங்க. முதல்ல ஊதிப் பாத்துடலாம்."

நர்ஸ் அவர் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்தார். "இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாம, விடாம." மூன்று முறை. மீட்டர்காரர் மூன்றாம் மாடிக்காகவே ஊதினார்.

டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கு. போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கு, கொஞ்சமும் இறங்கல. படி தாராளமா ஏறுங்க, நின்னு நின்னு ஏறுங்க. நடக்கறதும் மருந்துதான்."

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். "பாத்தியா? அப்ப அந்தப் பதினாலை எடுத்தது யாரு?"

ரொட்டியம்மா ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். மூலையில் பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"அம்மா, நீங்க வந்து உக்காருங்க. உங்க பின்னாடியேதான் நானும் படி ஏறி வந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் உதட்டைக் குவிச்சு ஊதிட்டு வந்தது அவர் இல்ல, நீங்க."

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அலமாரியில் இரண்டு நீல இன்ஹேலர்கள் இருந்தன. ஒன்றில் 118. ரொட்டியம்மாவின் பெயர் ஒட்டியதில் 198. விறகுப் புகையும் சிகரெட் புகையும் நுரையீரலுக்கு ஒன்றுதான், ஒருவர் மருந்தை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீடு மாறவில்லை. நோட்டில் 'திருட்டு' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் மீட்டர்காரர் அடித்துவிட்டு, 'வீட்டு உபயோகம்' என்று திருத்தியிருந்தார்.