ஓவர்லாக் மாஸ்டர் தைத்த கடற்சாமந்தி

திருப்பூரில் கடலைத் தைக்க முயன்ற ஒரே மனிதர் எங்கள் ஓவர்லாக் மாஸ்டர்தான். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர், அவர் சாம்பிள் டெய்லர். கையில் எது கிடைத்தாலும் மிஷினில் விட்டு ஓரம் அடித்துவிடுவார். என் லீவ் லெட்டருக்கும் ஒருமுறை அடித்தார்.

குழந்தைகள் டி-ஷர்ட்டில் கோமாளி மீன் வேண்டும் என்றார் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர். "நேர்ல பாக்காம எப்படிங்க தெக்கறது?" என்ற மாஸ்டர், அலங்கார மீன் கடைக்குப் போய் மீனையே வாங்கி வந்துவிட்டார். விரல் நீளம், ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம். "பைப்பிங் எத்தன சுத்தமா அடிச்சிருக்குது பாருங்க!" என்று சொக்கிப்போனார்.

ஆர்டர் கப்பலேறியது. மீன் தங்கிவிட்டது. மாஸ்டர் தொட்டியில் கடலுப்பு கரைத்துப் பார்த்துப் பார்த்து வளர்த்தார். "சாயப்பட்டறை உப்பு போதாதுங்களா?" என்று கேட்ட மேனேஜருடன் பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் மீன் மூலையில் ஒடுங்கிச் சாப்பிட மறுத்தது. மாஸ்டரும் சாப்பிடவில்லை. அது, பூப்போல விரியும் கடலுயிரான கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்கு நடுவேதான் குடியிருக்கும் என்று போனில் படித்தார். உடனே சாயம் ஏற்றாத துணியில் விரல் விரலாக ஒன்றைத் தைத்துத் தொட்டியில் போட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இது தொப்பிங்களா, தரை தொடைக்கறதுங்களா?" என்றார் செக்கிங் அக்கா. எங்கள் யாருக்கும் புரியவில்லை. மீனுக்கும் புரியவில்லை போல, எட்டியே பார்க்கவில்லை.

"செத்துப் போயிருமுங்க" என்றார் மாஸ்டர்.

தையல் லைனில் இருந்த தூத்துக்குடி அருள், "எங்கூர்க் கடல்ல இதுக்குச் சொந்தக்காரன் கெடப்பாம்லா. கொண்டு விட்டுருங்க மாஸ்டர்" என்றார்.

"அந்தமான்லிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் பவளப்பாறையில இருக்கும்னு போன்ல போட்டிருக்குதுங்களே! இதோட ஊடு எங்கீங்க?"

"எல்லாக் கடலும் ஒண்ணுதாம்லா!"

குழப்பம் தீராமலே மாஸ்டர் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். கடலைக் கண்ணால் பார்த்திராத மனிதர். வாளியில் மீன், அதற்குத் துணையாக அந்தத் துணிச் சாமந்தி.

மறுநாள் அதே வாளியோடு வாசலில் நின்றார். எட்டிப் பார்த்தேன். தாராபுரம் ரோட்டுக் குலுக்கலில் பயந்ததோ என்னவோ, மீன் துணி விரல்களுக்குள் புகுந்து, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. போட்ட தீனியையும் தின்றதாம்.

"கடல்கிட்டப் போகலீங்களா மாஸ்டர்?"

"போனனுங்க. ரொம்பப் பெருசா இருக்குதுங்க. அதுல உட்டுப்போட்டு வந்தா, இது சாப்டுச்சான்னு யார்கிட்டீங்க கேக்கறது?"

வாளியை வாங்கிக்கொண்டு, "மொதல்ல நீங்க சாப்டீங்களா மாஸ்டர்?" என்றேன்.