செட்டண்ணனும் அன்னூர் சம்பந்தமும்

இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை போதும், மிச்சமெல்லாம் வெள்ளைக்காரன் பொழுது போகாமல் சேர்த்துவைத்தது என்று வாழ்ந்து காட்டியவர் எங்கள் செட்டண்ணன். அந்த ஒரு வார்த்தை, செட்.

கோவை கணபதியில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் முன்பக்கம் விற்பனை ஆபீஸ், பின்பக்கம் ரிப்பேர் பட்டறை. பட்டறைக்கு அவர்தான் ராஜா. பம்ப்செட்டோடு மாரடிக்கும் மனிதர் என்பதால் வார்த்தை அங்கிருந்து தொற்றியிருக்க வேண்டும். அங்கேயே நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? ஸ்பேனரும் செட்டு, சோபாவும் செட்டு, அவரோடு பள்ளிக்கூடம் போனவர்களும் செட்டு, அவர் சம்சாரத்தின் கம்மலும் செட்டு. இதெல்லாம் நாமும் சொல்வதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேகம் கறுத்தால் "வானம் செட் ஆயிருச்சுங்க" என்பார். பட்டறைப் பூனை குட்டி போட்டால் "செட்டு எறக்கிப்போட்டுதுங்க" என்பார். கோபம் வந்தால் "போடா செட்டு!" என்று ஒரு திட்டு. திட்டு வாங்கியவன் பதிலுக்குச் சண்டை போடுவதா, சிரித்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்பான்.

ஒருமுறை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். "வவுத்துல ஒரு செட்டு செட் ஆகலீங்க. அதனால தலைக்கும் செட் ஆகலீங்க." நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே மருந்து எழுதிவிட்டார். மறுநாள் செட்டண்ணன் மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தார். எனக்குத்தான் இன்றுவரை அவருக்கு என்ன வியாதி என்று தெரியாது.

இன்னொரு நாள் தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்குப் போனவர் போன் செய்தார். "தம்பி, யானைச் செட்டு வந்து செட்டத் தள்ளிப்போட்டுதுங்க. செட்டு போச்சு. இங்க இருக்கற செட்டு செட் ஆகலீங்க. வெரசா வேற செட்டு அனுப்புங்க."

ஐயோ சாமி! புது மோட்டாரா? பேரிங்கா? ஆளா? திருப்பிக் கேட்டால் இதைவிடக் குழப்புவார். யானை தள்ளியதைத் தூக்கி நிறுத்த ஆள்தான் வேண்டும் என்று நானே முடிவு செய்து, திடகாத்திரமாக இரண்டு பேரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அவர் கேட்டது பேரிங். சாயங்காலம் வந்து, "நீங்க அனுப்பிச்ச செட்டு நல்லாச் சாப்பிட்டுதுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் வாயில் என் கல்யாணம் மாட்டிக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம். எனக்கு வயது முப்பத்திமூன்று. கூடிவந்த வரன்கள் எல்லாம் கடைசி நேரத்தில் தட்டிப்போய், அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அன்னூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் இல்லையென்றால் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தரகர் போன் செய்தார்.

"பொண்ணோட அப்பா இந்த வாரம் உங்க கம்பெனிக்கு விசாரிக்க வருவாருங்க. ஆருன்னு சொல்லிக்க மாட்டாரு. மோட்டார் வெலை கேக்கற மாதிரி வருவாரு. பதனமா இருந்துக்கங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பையனைப் பற்றிச் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள். கணக்குப் பிரிவு ஸ்டெல்லா மேடம் உடனே களத்தில் இறங்கினார். ஞாயிறு பூசையில் எனக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். பிறகு பட்டறைக்குப் போய், "அண்ணா, மோட்டார் வெலை கேட்டு வர்றவரு என்ன கேட்டாலும் நீங்க வாயத் தொறக்காதீங்க. முக்கியமா 'பையனுக்கு நல்ல செட்டப்பு'ன்னு சொல்லிராதீங்க. வசதியான பையன்னு நீங்க நெனச்சுச் சொல்வீங்க, சின்ன வீடு வெச்சிருக்கான்னு அவரு நெனச்சுக்குவாரு" என்று எச்சரித்துவிட்டு வந்தார். "அதெல்லாம் செட் பண்ணிக்கலாமுங்க அம்மணி" என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, கையில் தோல்பையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார்.

"ஏனுங்க, ஏழரை ஹெச்.பி. மோட்டார் என்ன வெலைங்க?"

நானும் ஸ்டெல்லா மேடமும் எழுந்து நின்றுவிட்டோம். அவருக்கு மேனேஜர் நாற்காலி, காபி, மைசூர்பாகு. ஸ்டெல்லா மேடம் ஆரம்பித்தார். "இந்தத் தம்பி தங்கமுங்க. பீடி, சிகரெட், குடி எதுவும் கெடையாதுங்க."

"நல்லதுங்க அம்மணி. மோட்டாரு..."

"சொந்த ஊடு இருக்குதுங்க. அம்மான்னா உசுரு."

பெரியவர் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, இங்க மோட்டார் வாங்கோணும்னா விக்கறவரு கொணமும் தெரிஞ்சுக்கோணுமுங்களா?"

என்ன சாமர்த்தியம், கொஞ்சமும் காட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாரே என்று நான் வியந்தேன். அவருடைய வேட்டியில் காபி சிந்தியபோது நானே குனிந்து துடைத்தேன். அவர் பயந்து காலை இழுத்துக்கொண்டார்.

இந்த உபசாரத்துக்கு நடுவில் பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு இன்னொரு ஆள் வந்தார். பச்சைத் துண்டு, வேட்டி முழுக்கக் கிரீஸ், கை முழங்கைவரை கறுப்பு. "தம்பி, கை கழுவத் தண்ணி எங்கிருக்குதுங்க?" என்றார்.

"பின்னாடியே இருக்குதுங்க. இங்க பெரிய மனுசருகூடப் பேசிட்டிருக்கறமுல்ல" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். செட்டண்ணன் புதிதாக யாரையோ வேலைக்குச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளை வேட்டிக்காரர் மோட்டார் வாங்கினார். விலாசம் கேட்டேன். வெள்ளகோவில் என்றார். அவருக்கு இரண்டும் பையன்கள். என்னைப் போன்ற ஒருத்தனை ஜென்மத்தில் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லாத மனிதர்! நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே தரகர் போன் வந்தது.

"பொண்ணோட அப்பா வந்து விசாரிச்சுட்டுப் போயிட்டாருங்க. ஆபீசுல கேட்டா நல்லதுதான் சொல்லுவாங்கன்னு பின்பக்கமாப் போயிருக்காரு. ஏனுங்க, வேட்டியெல்லாம் கிரீசுங்கறாரு?"

பட்டறைக்கு ஓடினேன். செட்டண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா! இங்க வந்தவர என்ன பண்ணுனீங்க?"

"அந்தச் செட்டா? சும்மா நின்னாருங்க. செட்டக் கொஞ்சம் புடிங்கன்னேன். எதையோ புடிச்சாரு. அதில்லீங்க, அந்தச் செட்டுன்னேன். கடைசில மோட்டாரயே தூக்கிப்போட்டாரு. நல்ல தெம்புங்க."

"என்னப் பத்தி என்ன கேட்டாரு?"

"கேட்டாரு, சொன்னேன்."

"வாயத் தொறக்காதீங்கன்னு மேடம் சொன்னாங்கல்ல!"

"மோட்டார் வெலை கேட்டு வர்றவருகிட்டத்தானுங்க பேசக்கூடாதுன்னாங்க? இவரு வெலையே கேக்கலையே. வெசனப்படாதீங்க தம்பி, செட் ஆயிரும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரப்போகும் மாமனாரை ஒருவர் மோட்டார் தூக்க வைத்துவிட்டார், நான் கை கழுவக்கூட இடம் தராமல் விரட்டிவிட்டேன். அந்த வாரம் முழுக்க போன் அடித்தால் ஸ்டெல்லா மேடத்தை எடுக்கச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் தரகர் கூப்பிட்டு, பெண் வீட்டில் சம்மதம், நாள் குறிக்கச் சொல்கிறார்கள் என்றார். சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்குக் குழப்பம்தான் வந்தது. எதை நம்பிச் சம்மதித்தார்கள்?

கல்யாணம் முடிந்து அன்னூருக்கு விருந்துக்குப் போனபோதுதான் மாமனாரிடம் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த மனுசன் பேசுனதுல பாதி எனக்கு வெளங்கவே இல்லீங்க மாப்பிள்ளை. மொதல்ல, பையனுக்கு செட்டப்பெல்லாம் பிரமாதம்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்படியே பஸ் ஏறிரலாம்னு கெளம்பிட்டேன். எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுட்டாருங்க. ஒண்ணே ஒண்ணு தெளிவாச் சொன்னாரு. அது போதும்னு வந்துட்டேன்."

"என்ன சொன்னாருங்க?"

"'எனக்குப் பொட்டப்புள்ள இல்லாமப் போச்சுங்க. இருந்திருந்தா, இந்தத் தம்பிய உங்க கண்ணுல காட்டியிருக்கவே மாட்டேனுங்க'ன்னாரு."

இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. சாம்பார் காரம் என்று சொல்லிவிட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.